எகிப்தியர் வானில் தேடியது

பாரிஸ் மாநகரின் லூவர் அருங்காட்சியகத்தில் பழைய மரப்பேழை ஒன்று உள்ளது. எகிப்து நாட்டுத் தீப்ஸ் நகரில் வாழ்ந்து, உரோமைப் பேரரசன் திராயானின் 19ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 116ல், உயிர்நீத்த பெத்தமெனோபிஸ் என்னும் இளைஞனின் உடல் அப்பேழையில் வைக்கப்பட்டிருந்தது. அவன் சோத்தேர் என்னும் பெருங்குடி மகனின் புதல்வன். இவ்வுலகில் அவன் வாழ்ந்த காலம் 21 ஆண்டு, 4 திங்கள், 22 நாள் என்று கிரேக்க மொழியில் எழுதி வைத்திருக்கின்றனர். பிள்ளையின் வாழ்நாளை நாள்வரை எண்ணி எழுதச் செய்தவர் பெற்றோராகவே இருத்தல் வேண்டும்.

பேழையின் உட்புறத்தில், இறந்தவன் கண்ணுக்கு நேரே, வானத் தெய்வமாகிய நூத் நெடிது நிற்கின்றாள். அவளைச் சூழ மேடம் முதலான பன்னிரு இராசிகளும் தீட்டப்பட்டுள்ளன. ஆனால் மகர இராசி மட்டும் வரிசையினின்று பிரிக்கப்பட்டுத் தனியே நிற்கின்றது. காரணம் என்ன? லெத்ரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1824ல் இதற்கு விடை கண்டார். இளைஞன் வாழ்ந்த நாட்களைப் பின்னோக்கி எண்ணிச் சென்றால், அவன் பிறந்தது கி.பி. 95 சனவரி 12 என்று வருகின்றது. அன்று ஞாயிறு மகரத்தில் இருந்தது. ஆகவே அவனுடைய பிறப்பு இராசியையே பேழைக்குள் குறித்திருக்கின்றனர் என்று அவர் தெளிந்தார்.

இத்தகைய பேழையைக் காண்போர், ‘எகிப்தியர் தொன்றுதொட்டே சாதகம் கணித்தவர், சோதிடக் கலைக்கே அந்நாடு தாய்’ என்று எண்ணிவிடுதல் இயல்பு. அவ்வாறே உலகத்தார் பலர் நெடுங்காலம் எண்ணினர்; இன்றும் எண்ணுகின்றனர். சில மாதங்களுக்குமுன் எம் பங்கைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர், கைப்பேசியைக் கையில் ஏந்தியவராய்ப் பங்கு இல்லத்திற்கு வந்தார். ஓசிரிஸ், ஈசிஸ், அனூபிஸ், சேத் என எகிப்தியத் தெய்வங்களின் பெயரால் பன்னிரு ‘எகிப்திய இராசிகள்’ அதில் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. அவருடைய ஏழு வயது மகனின் பிறந்தநாள் சேத் என்னும் கேடு சூழும் தெய்வத்தின்கீழ் விழுந்திருந்தது. “ஐயாயிரம் வருஷத்துக் கணக்காம் சாமி. அப்படியென்றால் உண்மையாகத்தானே இருக்கும்?” என்று கேட்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆயினும் கலக்கமும் இருந்தது.

அத்தாய்க்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து, அன்பார்ந்த வாசகர்களுக்கும் இங்கே சொல்ல விழைகின்றேன். கைப்பேசி காட்டிய அப்பட்டியல் ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடையதன்று. நம் காலத்தார் கட்டியது. பழைய எகிப்தின் கல்வெட்டிலோ ஏட்டிலோ அப்படி ஒரு பன்னிரு தெய்வ இராசிமுறை இல்லை. அது மட்டுமன்று. பெத்தமெனோபிஸின் பேழையில் காணும் மகர இராசியும் எகிப்தியச் சரக்கன்று. அப்படியாயின் உண்மையான எகிப்தியர் வானத்தை நோக்கவே இல்லையா? நோக்கினர், மிகக் கூர்ந்து நோக்கினர். ஆனால் அவர்கள் அங்கே தேடியது வேறு.

நைல் நதி ஆண்டுதோறும் பெருகி வற்றுவதால் விளைந்த நாடு எகிப்து. வெள்ளம், விதைப்பு, அறுவடை என மூன்றே பருவங்கள்; பருவத்திற்கு நான்கு மாதம், மாதத்திற்கு 30 நாள். இறுதியில் ஐந்து நாட்களைக் கூட்டி 365 ஆக்கிக்கொண்டனர். அவ்வெள்ளத்தின் வரவை அறிவித்தது ஒரு விண்மீன். மேலைநாட்டார் நாய்மீன் என்று வழங்கும் சிரியசு அது. எகிப்தியர் அதைச் சொப்தெத் என்றனர். விண்மீன்களுள் ஒளி மிக்கதாகிய அது ஆண்டில் ஏறத்தாழ 70 நாள் ஞாயிற்றின் ஒளியில் மறைந்துபோகும். பின்னர் ஒருநாள் வைகறையில், கதிரவன் எழுமுன், கீழ்வானில் மீண்டும் தலைகாட்டும். அக்காலத்தை ஒட்டியே நைல் பெருகத் தொடங்கும். காத்திருந்த உழவனுக்கும் குருக்களுக்கும் அந்த வைகறையே புத்தாண்டு.

சொப்தெத் ஒன்றோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதைப்போலவே மறைந்து எழும் மீன்கூட்டங்கள் 36ஐத் தேர்ந்தெடுத்தனர். பத்து நாளுக்கு ஒரு கூட்டம் வைகறையில் புதிதாக எழும். 36 கூட்டங்கள் முடிய 360 நாள் ஆகிவிடும். இரவில் இவை ஒன்றன்பின் ஒன்றாக எழுவதைக் கொண்டு பொழுதையும் அளந்தனர். இரவைப் பன்னிரு கூறாகவும் பகலைப் பன்னிரு கூறாகவும் பகுத்தவர் அவர்களே. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் கடிகாரத்தின் 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்து வந்ததே. கி.மு. 2100ஐ ஒட்டிய காலத்திலேயே, அசியூத் என்னும் ஊரில் கிடைத்த பிணப்பேழை மூடிகளின் உட்புறத்தில் இம்மீன்களின் பெயர்கள் கட்டம் கட்டமாக எழுதப்பட்டுள்ளன.

பேழை மூடியில் கடிகாரம் எதற்கு? இறந்தவன் இருளுலகில் பயணம் செய்கின்றான். இரவின் நாழிகைகளை அவன் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. விண்மீன் 70 நாள் மறைந்து மீண்டும் எழுவதை, மனிதன் இறந்து மறுவாழ்வு பெறுதற்கு ஒப்பாகக் கண்டனர். இறந்தவர் உடலைப் பதப்படுத்தி அடக்கம் செய்ய அவர்கள் எடுத்துக்கொண்ட காலமும் 70 நாளே. மறைந்த மீன் மீண்டு வருதலைக் கண்டு, மாண்டவரும் மீள்வர் என நம்பிக்கை கொண்ட அந்நெஞ்சங்களை நினைக்கும்போது, எனக்கு அவர்கள்பால் மரியாதையே எழுகின்றது.

ஹத்செப்சுத் அரசியின் உயர் அலுவலராய் இருந்த செனென்முத் என்பார், கி.மு. 15ஆம் நூற்றாண்டில் தமக்கென வெட்டுவித்த கல்லறையின் மேற்கூரையில் மீன்கூட்டங்களையும் கோள்களையும் தீட்டச் செய்தார். முதலாம் சேத்தி மன்னனின் கல்லறையிலும் அத்தகைய வானப்படம் உண்டு. ஆனால் இவற்றில் எங்கும் மேடம், இடபம் முதலான பன்னிரண்டு இல்லை. ‘இவன் இன்ன மீனில் பிறந்தான், ஆதலின் இன்ன வாழ்வு பெறுவான்’ என்ற பேச்சும் இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த ஹர்கெபி என்னும் வான்நோக்கிக் குருவின் சிலை ஒன்று கிடைத்துள்ளது. விண்மீன்களின் தோற்றமும் மறைவும் அறிந்தவர் என அது அவரைப் புகழ்கின்றது. தேள்கடிக்கு மந்திரிப்பவர் என்றும் புகழ்கின்றது. பிறந்த வேளைக்குப் பலன் சொல்பவர் என்று புகழவில்லை.

நல்ல நாள், கெட்ட நாள் பார்க்கும் வழக்கம் மட்டும் அவர்களிடம் வேரூன்றி இருந்தது. இராம்செஸ் மன்னர்களின் காலத்தில் எழுதப்பட்டு, இன்று கெய்ரோவில் உள்ள பாப்பிரஸ் ஏடு ஒன்று, ஆண்டின் ஒவ்வொரு நாளையும் மூன்று கூறாக்கி, நன்று, தீது எனக் குறிக்கின்றது. இன்ன நாளில் வெளியே செல்லாதே, இன்ன நாளில் பிறந்தவன் முதலையால் மாள்வான் என்றெல்லாம் அறிவுரைகள் உள்ளன. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தசும், பிறந்த நாளைக் கொண்டு ஒருவனுக்கு நேரப்போவதைக் கூறும் வழக்கம் அங்கிருந்ததைக் குறித்துள்ளார். ஆனால் கெய்ரோ ஏட்டில் நன்மையும் தீமையும் கோள்களின் நிலையால் வருவன அல்ல. அந்தந்த நாளில் தெய்வங்களுக்கு நேர்ந்ததாகப் புராணம் சொல்லும் நிகழ்ச்சிகளே காரணம். ஆண்டிறுதியின் ஐந்து நாட்களில் ஓசிரிஸ், ஹோரஸ், சேத், ஈசிஸ், நெப்திஸ் என்னும் ஐவரும் முறையே பிறந்தனர் என்பர். அவற்றுள் மூன்றாம் நாளாகிய சேத்தின் பிறந்தநாள் ஆகாத நாள். அந்த ஒரு நாளைத்தான் இக்காலத்தார் இராசியாக நீட்டி, எம் பங்குத் தாயின் நெஞ்சில் கல்லைப் போட்டிருக்கின்றனர்.

விவிலியமும் இவ்வேறுபாட்டிற்கு இசைவாகவே பேசுகின்றது. எகிப்தைக் கடிந்துரைக்கும்போது எசாயா இறைவாக்கினர் அதன் சிலைகளையும் மந்திரவாதிகளையும் ஆவிகளிடம் குறிகேட்போரையும் சொல்கின்றார். வானத்தைக் கூறுபோட்டு, விண்மீன்களைப் பார்த்து வருவதுரைப்போரை அவர் எள்ளி நகையாடுவது 47ஆம் அதிகாரத்தில்; அங்கே அவர் விளித்துப் பேசுவது பாபிலோனை.

ஆம், சாதகத்தின் தாயகம் பாபிலோன். கோள்களின் நடையைத் தலைமுறை தலைமுறையாகக் களிமண் தகடுகளில் பதிந்துவைத்த கல்தேயரே, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஞாயிற்றின் பாதையைச் சமமான பன்னிரு இராசிகளாகப் பகுத்தனர். இதுவரை அறியப்பட்ட பிறப்புச் சாதகங்களுள் மிகப் பழையவை கி.மு. 410க்குரிய பாபிலோனியத் தகடுகள். எகிப்தில் கிடைத்தவற்றுள் மிகப் பழையனவோ கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பிரமிடுகள் எழும்பி ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே எகிப்தியன் தன் பிள்ளைக்குச் சாதகம் எழுதினான் என்க.

இக்கலை எகிப்துக்குள் எவ்வாறு நுழைந்தது? கி.மு. 525ல் பாரசீகர் எகிப்தைக் கைப்பற்றினர். பாபிலோனும் எகிப்தும் ஒரே பேரரசின்கீழ் வந்தன. கிரகணங்களைக் கொண்டு நாடுகளுக்கு வரும் நன்மை தீமைகளைக் கூறும் பாபிலோனியக் குறிநூல்கள் எகிப்திய எழுத்தில் பெயர்த்தெழுதப்பட்டன; அத்தகைய ஏடு ஒன்று வியன்னா நகரில் இருக்கின்றது. பின்னர்க் கி.மு. 332ல் மாவீரன் அலெக்சாந்தர் வந்தான். அவன் பெயரால் எழுந்த அலெக்சாந்திரியாவில் கிரேக்கர், யூதர், எகிப்தியர், கீழ்நாட்டு வணிகர் எல்லாரும் ஒரே தெருவில் நடந்தனர். அங்கேதான் கலவை நடந்தது. பாபிலோனின் பன்னிரு இராசிகளும் கோள்களும், கிரேக்கரின் வடிவகணிதமும், எகிப்தியரின் 36 மீன்கூட்டங்களும் ஒன்றாயின. ஒவ்வோர் இராசிக்கும் மூன்று கூட்டமென எகிப்திய மீன்கள் பங்கிடப்பட்டன. பத்து என்னும் சொல்லின் அடியாகக் கிரேக்கர் அவற்றிற்குத் ‘தெக்கானோஸ்’ என்று பெயரிட்டனர்.

எகிப்து அளித்த மற்றொன்று இதனினும் பெரிது. இரவில் எந்த மீன்கூட்டம் கீழ்வானில் எழுகின்றது என்று பார்த்து நாழிகை கூறுவது கோயிற் குருவின் தொழில் என்றோம். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த அலெக்சாந்திரியா நகர்க் கிளமெந்து, எகிப்தியரின் கோயில் பவனியைக் கண்முன் நிறுத்துகின்றார். முதலில் பாடகன் வருகின்றான். அவனுக்குப் பின் கையில் நாழிகைக் கருவியும் பனையோலையும் ஏந்திய குரு ஒருவர் வருகின்றார். விண்மீன் பற்றிய நான்கு நூல்களை அவர் மனப்பாடமாய் அறிந்திருத்தல் வேண்டும். அக்குருவுக்குக் கிரேக்கத்தில் ‘ஹோரோஸ்கோப்போஸ்’ என்று பெயர். நாழிகை நோக்குபவன் என்பது பொருள். பிள்ளை பிறக்கும் கணத்தில் கீழ்வானில் எழும் புள்ளிக்கும் அதே பெயரைச் சோதிடர் சூட்டினர். நம்மவர் அதை இலக்கினம் என்பர். மேலைநாட்டு மொழிகள் சாதகத்தைக் குறிக்க வழங்கும் சொல்லும் இதிலிருந்து பிறந்ததே. நேரம் பார்த்தவனின் பெயர் விதி பார்ப்பதற்குப் பெயராகிவிட்டது. சடலத்தோடு இருளுலகம் சென்ற கடிகாரம், தொட்டிலருகே வந்து நின்றுகொண்டது.

புதுக்கலைக்குப் பழம்பெருமை வேண்டும் அன்றோ? ஆதலின் நெக்கெப்சோ என்னும் பழைய அரசனும் பெத்தோசிரிஸ் என்னும் குருவும் எழுதியவை எனக் கிரேக்க மொழியில் நூல்கள் கிளம்பின. உண்மையில் அவை கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில் புனையப்பட்டவை. கைப்பேசியின் ‘ஐயாயிரம் வருஷம்’ புதிய தந்திரமன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தாலமி இக்கலை முழுவதையும் நான்கு பாகமாக எழுதி நிலைநாட்டினார். அந்நூலே அதன்பின் ஆயிரத்தைந்நூறு ஆண்டு மேலைநாட்டுச் சோதிடருக்கு இலக்கணமாயிற்று.

எகிப்தின் பழமையைப் பற்றிய மயக்கம் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரும் பூசலையே விளைத்தது. தெந்தெரா என்னும் ஊரில் ஹத்தோர் தெய்வத்தின் கோயில் உள்ளது. அதன் மேல்தளத்துச் சிற்றறை ஒன்றின் கூரையில் வட்டமான வானப்படம் செதுக்கப்பட்டிருந்தது. நான்கு பெண் தெய்வங்களும் பருந்துத் தலையுடைய எண்மரும் அவ்வட்டத்தைக் கைகளால் தாங்குகின்றனர். விளிம்பில் 36 மீன்கூட்ட உருவங்கள் அணிவகுக்கின்றன. உள்ளே மேடமும் இடபமும் மகரமும், நடுவே எகிப்தியரின் பழைய நீர்யானையும் எருதின் காலும் காணப்படுகின்றன. நெப்போலியனின் படையெடுப்பின்போது தெனோன் என்னும் ஓவியர் இதைக் கண்டு வரைந்தார். 1821ல் லெலொரேன் என்னும் பிரெஞ்சுக்காரர், வாளாலும் வெடிமருந்தாலும் கூரையைப் பெயர்த்துக் கப்பலேற்றிவிட்டார். அரசர் 18ஆம் லூயி 1,50,000 பிராங்கு கொடுத்து அதை வாங்கினார். மூலக்கல் இன்று லூவரில் உள்ளது. தெந்தெராவில் இருப்பது படிவம்.

அக்கல் 1822ல் பாரிஸ் வந்து சேர்ந்தபோது ஊரெல்லாம் அதே பேச்சு. ஏனெனில், இராசி மண்டலம் பதினாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட எகிப்தியப் படைப்பு என்றும், கிறிஸ்தவம் உட்பட எல்லாச் சமயங்களும் ஞாயிற்று வழிபாட்டின் மறுவடிவங்களே என்றும் துய்ப்புயி என்பார் 1795ல் பெரிய நூல் எழுதியிருந்தார். கல்லே சாட்சி என்று ஒரு சாரார் ஆர்ப்பரித்தனர். மறு சாரார் நடுங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் எகிப்திய எழுத்தின் புதிரை அவிழ்த்த ஷாம்போலியோன், வானப்படத்தை அடுத்திருந்த பெயர்ச்சட்டம் ஒன்றில் ‘ஔத்தோக்கிராத்தோர்’ என்னும் உரோமைப் பேரரசரின் பட்டத்தைப் படித்துக் காட்டினார். படம் உரோமையர் காலத்தது என்று முடிவாயிற்று. பக்தர்கள் மகிழ்ந்தனர், 1825ல் ஷாம்போலியோன் உரோமை சென்றபோது திருத்தந்தை 12ஆம் லியோ அவரை அன்போடு வரவேற்றார்.

இனி வருவதே சுவையானது. 1828ல் ஷாம்போலியோன் தெந்தெராவுக்கு நேரே சென்று பார்த்தார். பெயர்ச்சட்டங்கள் வெறுமையாய் இருந்தன! அவர் படித்த எழுத்து, படம் வரைந்தவர்கள் இட்டு நிரப்பியது. முடிவு ஏறத்தாழச் சரி, சான்றோ தவறு. நாம் வெற்றி கொண்டாடியது இல்லாத எழுத்தைக் காட்டி என்பதை மறைப்பதில் பயனில்லை. நம் காலத்தில் பிரெஞ்சு அறிஞர் சில்வி கோவில் அம்மையார், படத்திலுள்ள கோள்களின் நிலையையும் இரு கிரகணக் குறிகளையும் வானியலாரோடு ஆராய்ந்து, கி.மு. 50ஐ ஒட்டியதென்று காலம் கண்டார். கிளியோபாத்திரா அரியணை ஏறிய காலம் அது. வெறுமையான சட்டங்களும் அக்காலத்திற்குப் பொருந்துகின்றன.

அலெக்சாந்திரியாவில் பிறந்த கலவை அங்கேயே தங்கிவிடவில்லை. பருவக்காற்றை அறிந்த கிரேக்க மாலுமிகள் செங்கடல் வழியே இந்தியாவின் மேலைக்கரைக்கு வந்தனர். வாணிபப் பொருளோடு நூல்களும் வந்தன. யவனர் சாதகம் எனப் பொருள்படும் ‘யவனஜாதகம்’ வடமொழியில் எழுந்தது. சோதிடர் நாவில் புழங்கும் கேந்திரம், பணபரம், ஆபோக்கிலிமம் என்னும் சொற்கள் கிரேக்கச் சொற்களே. திரேக்காணம் என்று இராசியை மூன்றாகப் பகுக்கின்றார்கள் அல்லவா? அதுவே ‘தெக்கானோஸ்’, நைல் கரையில் இரவை அளந்த அந்த 36 மீன்கூட்டங்கள். ஓரை என்னும் சொல்லும் ‘ஹோரா’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்ததென்பர் பலர். பழந்தமிழ்ச் சொல்லே என்று வாதிடுவோரும் உளர். 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் இக்கலையில் யவனரின் சிறப்பை மறைக்காமல் ஏற்றுக்கொள்கின்றார். திரேக்காணங்கள் முப்பத்தாறுக்கும் உருவம் கற்பித்து ஓர் அதிகாரமே எழுதியவரும் அவரே.

அவ்வுருவங்கள் மீண்டும் பயணம் புறப்பட்டன. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் அபூமஷர் அவற்றை அரபு மொழியில் எழுதிவைத்தார். அங்கிருந்து இலத்தீனுக்குச் சென்றன. இத்தாலியின் பெராரா நகரில், ஸ்கிபனோயா மாளிகைச் சுவரில், 1470ஐ ஒட்டி மாதங்களின் ஓவியம் தீட்டப்பட்டது. மார்ச்சு மாதத்திற்கு நேரே, கந்தலான வெண்ணுடை உடுத்து இடையில் கயிறு கட்டிய கரிய மனிதன் ஒருவன் நிற்கின்றான். இவன் யார் என்று நெடுங்காலம் எவரும் அறியவில்லை. 1912ல் ஆபி வார்புர்க் என்னும் செருமானிய அறிஞர் உரோமையில் ஆற்றிய உரையில், இவன் மேடத்தின் முதல் திரேக்காணம் என்று காட்டினார். எகிப்தில் பிறந்து, கிரேக்கரிடம் பெயர் மாறி, வராகமிகிரரிடம் உடை மாறி, அரபியர் தோளேறி, கத்தோலிக்கக் கோமகன் ஒருவனின் மாளிகைச் சுவருக்கு அவன் வந்து சேர்ந்த வழி ஆயிரக்கணக்கான கல் தொலைவு.

வாரத்தின் நாட்களிலும் எகிப்தின் கைவரிசை உண்டு. உரோமை வரலாற்றாசிரியர் தியோ காசியுஸ், கிழமைகளுக்குக் கோள்களின் பெயரிட்டவர் எகிப்தியர் என்றே எழுதுகின்றார். கணக்கு எளியது. தொலைவிலிருந்து அருகே வரும் வரிசையில் கோள்களை எண்ணினர்: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். நாளின் 24 மணிகளுக்கும் இவ்வரிசைப்படியே காவல் கொடுத்தனர். முதல் மணி சனியுடையதானால், 8, 15, 22ஆம் மணிகளும் சனியுடையன. 23 வியாழனுக்கு, 24 செவ்வாய்க்கு. மறுநாள் முதல் மணி ஞாயிற்றுக்கு. முதல் மணியின் கோளே அந்நாளுக்குப் பெயர். சனிக்குப்பின் ஞாயிறு, ஞாயிற்றுக்குப்பின் திங்கள், திங்களுக்குப்பின் செவ்வாய் என வருவது இதனாலேயே. உரோமையிலும் மதுரையிலும் கிழமை வரிசை ஒன்றாயிருப்பதன் மறைபொருள் இதுவே. பஞ்சாங்கத்தின் ஓரை அட்டவணையும் இக்கணக்கே.

திருச்சபையும் இச்செல்வாக்கிற்குத் தப்பவில்லை. உரோமையர் ‘எகிப்திய நாட்கள்’ என்று சில ஆகாத நாட்களைக் குறித்துவைத்தனர், கி.பி. 354ஆம் ஆண்டு நாட்காட்டியிலேயே அவை இடம்பெற்றுள்ளன. புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் நாள் பார்ப்பதைக் கடிகின்ற இடத்திற்கு உரை எழுதுகையில், தம் மக்கள் எகிப்திய நாட்களுக்கு அஞ்சி வேலை தொடங்க மறுக்கின்றனர் என்று புனித அகுஸ்தினார் மனம் வருந்துகின்றார். இதன்பின் ஆயிரம் ஆண்டு கழிந்தும் நிலைமை மாறவில்லை. மாதத்திற்கு இரண்டென அந்நாட்களைக் குறித்த நாட்காட்டிகள், துறவியர் கையால் எழுதிய திருப்பாடல் நூல்களின் முன்பக்கங்களிலேயே உள்ளன. கண்டித்தவர்களும் நாம், ஏட்டில் எழுதி வைத்தவர்களும் நாம்.

அகுஸ்தினார் இதை அனுபவத்தால் அறிந்தவர். இளமையில் சோதிட நூல்களைக் கரைத்துக் குடித்தவர். விந்திசியானுஸ் என்னும் முதிய மருத்துவரும் நெபிரிதியுஸ் என்னும் நண்பரும் எத்தனையோ எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அவர் மனத்தைத் திருப்பியது வாதமன்று. பிர்மினுஸ் என்பவர் தம் வீட்டைப் பற்றிக் கூறிய செய்தி. பிர்மினுஸின் தாய் கருவுற்றிருந்தபோது, தந்தையின் நண்பர் வீட்டில் அடிமைப்பெண் ஒருத்தியும் கருவுற்றிருந்தாள். சோதிடப் பித்துக் கொண்ட அவ்விருவரும் கணம் தவறாமல் நேரம் குறித்தனர். பிள்ளைகள் பிறந்ததும் இரு வீட்டாரும் விடுத்த தூதர்கள் சரிபாதி வழியில் சந்தித்தனர். வானம் ஒன்று, இலக்கினம் ஒன்று, கோள்நிலை ஒன்று. பிர்மினுஸ் செல்வத்திலும் கல்வியிலும் உயர்ந்தார். அடிமையின் மகனோ அடிமையாகவே இருந்தான். விண்மீன் எழுதாத வேற்றுமையை மனிதரின் சட்டம் எழுதியிருந்தது. அடிமைத்தனத்தைக் கோள்மேல் ஏற்றிவிட்டால் எசமானுக்கு எவ்வளவு வசதி என்று, ‘வாக்குமூலம்’ நூலில் அவ்விடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் எண்ணுவதுண்டு.

எகிப்தின் நல்ல பங்கு அழியாமல் நிற்பதையும் சொல்லவேண்டும். யூலியுஸ் சீசரின் நாட்காட்டிச் சீர்திருத்தத்திற்குத் துணைநின்றவர் அலெக்சாந்திரியாவின் சோசிகெனேஸ். எகிப்தின் கோப்தியக் கிறிஸ்தவர் இன்றும் 30 நாள் மாதங்கள் பன்னிரண்டையும் இறுதியில் சிறுமாதம் ஒன்றையும் கொண்ட பழைய ஆண்டையே போற்றுகின்றனர்; அவர்களது புத்தாண்டு செப்டம்பர் 11ல், சில ஆண்டுகளில் 12ல், வருகின்றது. ஆண்டின் முதல் மாதத்திற்கு இன்றும் தூத் என்றே பெயர். அறிவுத் தெய்வமென எகிப்தியர் கொண்டாடிய தோத்தின் பெயர் அது. எவரும் அதற்காக அஞ்சுவதில்லை.

இவ்வளவையும் அந்தத் தாயிடம் நான் சொல்லவில்லை. எகிப்தியர் எழுதிய கதை ஒன்றை மட்டும் சொன்னேன். கி.மு. 13ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஏடு அது. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. பிள்ளையில்லாத மன்னனுக்கு நெடுநாள் வேண்டுதலின் பயனாய் ஆண்குழந்தை பிறக்கின்றது. விதி கூறும் ஏழு ஹத்தோர்கள் வந்து, ‘முதலையாலோ, பாம்பாலோ, நாயாலோ இவன் சாவான்’ என்று சொல்லிப் போகின்றனர். தந்தை பாலைவனத்தில் கல்வீடு கட்டிப் பிள்ளையை அடைத்து வைக்கின்றான். ஒருநாள் பிள்ளை மாடியில் ஏறிப் பார்க்க, வழிப்போக்கன் பின்னே ஒரு நாய் ஓடுகின்றது. எனக்கும் அதுபோல் ஒன்று வேண்டும் என்கின்றான். மகனின் வாட்டம் பொறாமல் தந்தை ஒரு நாய்க்குட்டியைக் கொடுக்கின்றான். வளர்ந்ததும் இளவரசன், இங்கே முடங்கிக் கிடப்பதால் என்ன பயன், என்னை விடுங்கள் என்று விடைபெற்று, நாயையும் உடன் அழைத்துக்கொண்டு அயல்நாடு செல்கின்றான். அரசன் மகளை மணக்கின்றான். அவன் உறங்கும்போது அவள் விழித்திருந்து, வந்த பாம்பை வெட்டிக் கொல்கின்றாள். பின்னர் நாய் அவனை மிரட்ட, அவன் நீரை நோக்கி ஓடுகின்றான். அங்கே முதலை அவனைப் பிடித்துக்கொண்டு, தன் பகைவனாகிய நீர்ப்பூதத்தை வெல்லத் துணைசெய்தால் விட்டுவிடுகின்றேன் என்று பேரம் பேசுகின்றது.

“அப்புறம் என்ன ஆயிற்று சாமி?” என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஏடு கிழிந்துபோயிற்று என்றேன். விதி வென்றதா, இளவரசன் வென்றானா என்பது எவர்க்கும் தெரியாது. சற்று நேரம் பேசாதிருந்தவர், “அந்தப் பெண் விழித்திருந்தாளே, அது போதும்” என்று சொல்லி, கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாயிற்று என்று எழுந்து சென்றார்.